எதிராளியின் நேரத்தில் யோசிக்கும் எஞ்சினுக்கு உண்மையில் எவ்வளவு லாபம்?

கேள்வி: 2 பிப்ரவரி 2025

சதுரங்கம் ஆடும் நிரலான (எஞ்சின்) ஸ்டாக்ஃபிஷையே இரண்டு பக்கமும் நிறுத்தி, எதிராளியின் நேரத்திலும் யோசிக்க வைக்கும் 'பாண்டர்' வசதியை ஒரு பக்கத்துக்கு மட்டும் இயக்கி, மூன்று நிமிடமும் நகர்த்தலுக்கு இரண்டு வினாடியும் என்ற கணக்கில் நூறு ஆட்டங்கள் ஆடவிட்டேன். இரு பக்கமும் ஏறக்குறைய சமமாகவே முடித்தன. எதிராளி யோசிக்கும் நேரம் முழுவதும் இலவசமாகக் கிடைக்கிறது என்றால், அது இரு மடங்கு வேகமுள்ள கணினியில் ஓடுவதற்குச் சமமாக இருக்க வேண்டாமா? பாண்டர் என்பது வெறும் விளம்பரம் என்றே தோன்றுகிறது. கணினி: செயலியில் இரண்டு கோரும் (கணிக்கும் மையம்) நான்கு திரெட்டும் (ஒரே நேரத்தில் ஓடக்கூடிய வேலை) கொண்ட மடிக்கணினி.

2 பிப்ரவரி, இரவு

தீர்ப்பு எழுதுவதற்கு முன் பதிவுக் கோப்பைத் திறந்து பாருங்கள். ஆட்டத்தின் நகர்த்தல்கள் இருக்கும் கோப்பைச் சொல்லவில்லை. இடைமுகமும் (ஆட்டத்தை நடத்தும் நிரல்) எஞ்சினும் தமக்குள் பரிமாறிக்கொண்ட கட்டளைகள் வரிவரியாக இருக்கும் கோப்பைச் சொல்கிறேன்.

அந்தப் பரிமாற்றத்துக்கென ருடால்ஃப் ஹூபரும் ஷ்ரெடர் எஞ்சினை எழுதிய ஸ்டெஃபான் மேயர்-காலனும் 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட யூசிஐ நெறிமுறையின்படி, எஞ்சின் தானாக எதிராளியின் நேரத்தில் யோசிக்கத் தொடங்காது. தொடங்கக் கூடாது என்று நெறிமுறையின் விளக்கமே சொல்கிறது. எஞ்சின் தன் நகர்த்தலை அறிவிக்கும் 'பெஸ்ட்மூவ்' வரியின் கடைசியில், எதிராளி இதைத்தான் ஆடுவார் என்று தான் ஊகிக்கும் பதிலையும் சேர்த்துச் சொல்கிறது. அந்தப் பதில் ஆடப்பட்டுவிட்டதாகவே வைத்துக்கொண்டு, இடைமுகம் அடுத்த நிலையை அனுப்பி 'கோ பாண்டர்' என்று கட்டளையிடுகிறது. எதிராளி அதையே ஆடினால் 'பாண்டர்ஹிட்' என்ற ஒற்றைச் சொல் போகிறது. தேடல் அறுபடாமல் அப்படியே தொடர்கிறது. வேறொன்றை ஆடினால் 'ஸ்டாப்' போகிறது. எஞ்சின் ஏதோ ஒரு நகர்த்தலைச் சொல்லி நிறுத்த, இடைமுகம் அதைக் குப்பையில் போட்டுவிட்டு உண்மையான நிலையை அனுப்புகிறது.

ஆகவே என் கேள்வி ஒன்றுதான். உங்கள் பதிவில் 'கோ பாண்டர்' என்ற வரி ஒரு முறையாவது இருக்கிறதா? எஞ்சினின் விருப்பத்தேர்வுப் பெட்டியில் பாண்டரைக் குறியிடுவது ஒன்று. போட்டி அமைப்பில் அதை அனுமதிப்பது வேறொன்று. பல இடைமுகங்களில் இவை இரண்டும் தனித்தனி இடங்களில் இருக்கின்றன. ஃபிரிட்ஸ் போன்ற சதுரங்க நிரல்களில் 'பெர்மனென்ட் பிரைன்' என்ற பெயரில் அது ஒளிந்திருக்கும்.

3 பிப்ரவரி

ஒரு வரிகூட இல்லை என்கிறீர்கள். அப்படியானால் நீங்கள் சோதித்தது பாண்டரை அன்று. பாண்டர் கிடைக்கும் என்று நம்பி ஏமாந்த எஞ்சினை.

இதை வேடிக்கைக்காகச் சொல்லவில்லை. ஸ்டாக்ஃபிஷின் நேர மேலாண்மைப் பகுதியில், பாண்டர் விருப்பம் இயக்கப்பட்டிருந்தால், ஒரு நகர்த்தலுக்கு ஒதுக்கும் உகந்த நேரத்தோடு அதன் கால் பங்கைக் கூட்டும் ஒரு வரி இருக்கிறது. எதிராளியின் நேரத்திலிருந்து எப்படியும் ஓரளவு திரும்பி வரும், அதனால் இப்போது கொஞ்சம் தாராளமாகச் செலவழிக்கலாம் என்பதே அதன் பொருள். உங்கள் போட்டியில் வரவு வரவே இல்லை. செலவு மட்டும் கூடியது. வராத போனஸை நம்பி மாதத் தவணை வாங்கியவர் நிலைதான். இரண்டு வினாடி கூட்டல் இருந்ததால் கடிகாரம் விழாமல் தப்பித்தது. கூட்டலே இல்லாத ஆட்டமாக இருந்திருந்தால், முடிவாட்டங்களில் அந்தப் பக்கம் நேர நெருக்கடியில் திணறியிருக்கும்.

சமமாக முடிந்ததில் வியப்பில்லை என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. பாதி ஆட்டங்கள் டிராவாகும் என்று வைத்துக்கொண்டால், நூறு ஆட்டங்களின் முடிவில் 95 விழுக்காட்டு நம்பகத்துக்கான பிழை எல்லை ஏறக்குறைய ±48 எலோ (ஆடுபவரின் பலத்தை அளக்கும் தரப்புள்ளி). பாண்டரால் நாற்பது எலோ லாபம் இருந்திருந்தாலும் அது இந்த இரைச்சலுக்குள் காணாமல் போயிருக்கும். ஆயிரம் ஆட்டங்கள் ஆடினால் எல்லை ±15 ஆகக் குறையும். ±5 வேண்டுமென்றால் ஒன்பதாயிரத்துக்கு மேல் ஆட வேண்டும். ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள். அளவுகோலே நாற்பத்தெட்டு என்றால் அளந்து என்ன பயன்?

4 பிப்ரவரி

இரட்டிப்பு என்ற எதிர்பார்ப்பைப் பற்றித் தனியாக எழுத வேண்டும், ஏனென்றால் கேள்வியின் வேர் அங்கேதான் இருக்கிறது.

எதிராளி ஒரு நகர்த்தலுக்குச் சராசரியாகப் பத்து வினாடி எடுத்துக்கொள்கிறார். நமக்கும் சராசரியாகப் பத்து வினாடிதான் கிடைக்கிறது. நம் ஊகம் பத்தில் ஆறு முறை பலிக்கிறது என்று கொள்வோம். பலிக்காத நான்கு முறையும் எதிராளியின் பத்து வினாடி வீண். பலித்த ஆறு முறை பத்து வினாடி இலவசம். ஆகச் சராசரி இலவசம் ஆறு வினாடி. நம் பத்து பதினாறாகிறது. இரு மடங்கு என்ற கணக்கு ஊகம் ஒரு முறையும் தவறாத எஞ்சினுக்கு மட்டுமே பொருந்தும். அப்படி ஓர் எஞ்சின் இருந்தால் எதிராளிக்குப் பதிலாக அதையே இரண்டு பக்கமும் ஆடவிட்டுவிடலாம்.

நேரம் இரு மடங்கானால் ஐம்பது முதல் எழுபது எலோ வரை கிடைக்கும் என்பது எஞ்சின் வட்டாரத்தில் நெடுநாளாகப் புழங்கும் கைக்கணக்கு. அறுபது என்று எடுத்துக்கொண்டால், 1.6 மடங்கு நேரத்துக்குச் சுமார் நாற்பது எலோ. இன்றைய எஞ்சின்கள் நீண்ட நேர ஆட்டங்களில் பெரும்பாலும் டிராவிலேயே முடிப்பதால், அங்கே இரட்டிப்பின் மதிப்பு இதைவிடக் குறைவு. எனவே நாற்பதை உச்சவரம்பாக வைத்துக்கொள்ளுங்கள். கிடைக்கப் போகும் தொகையாக எண்ண வேண்டாம்.

4 பிப்ரவரி, சற்று நேரம் கழித்து

மேலே எழுதிய 1.6 மடங்கு எந்த நகர்த்தலில் போய்ச் சேர்கிறது என்று யோசித்தால் விஷயம் இன்னும் சுவையாகிறது. பலித்த நகர்த்தலில் எஞ்சின் இருபது வினாடி யோசிக்கிறது, பலிக்காததில் பத்து வினாடி யோசிக்கிறது என்றுதான் பலரும் கற்பனை செய்கிறார்கள். நடப்பது அப்படியன்று.

ஸ்டாக்ஃபிஷ் 'கோ பாண்டர்' வந்த நொடியிலிருந்தே கடிகாரத்தை எண்ணத் தொடங்குகிறது. ஒதுக்கிய நேரம் எதிராளி யோசிக்கும்போதே தீர்ந்துவிட்டால், 'ஹிட் வந்தவுடன் நிறுத்து' என்று தனக்குள் ஒரு கொடியை ஏற்றி வைத்துக்கொண்டு தேடலைத் தொடர்கிறது. 'பாண்டர்ஹிட்' வந்த கணமே நகர்த்தலை ஆடிவிடுகிறது. அதாவது அந்த நகர்த்தலுக்கு இரு மடங்கு யோசனை கிடைக்கவில்லை. வழக்கமான யோசனைதான் கிடைத்தது, ஆனால் நம் கடிகாரத்திலிருந்து அனேகமாக எதுவும் செலவாகவில்லை. மிச்சமான பத்து வினாடி வங்கியில் சேர்கிறது. அடுத்தடுத்த நகர்த்தல்களில் நேர மேலாண்மை மீதமுள்ள நேரத்தைப் பார்த்து ஒதுக்கீட்டை உயர்த்துகிறது. ஒழுங்காக எழுதப்பட்ட எஞ்சினில் இது எங்கே போய் நிலைகொள்ளும் என்று எளிய சமன்பாட்டில் பார்த்துவிடலாம்: எல்லா நகர்த்தலுக்கும் பதினாறு வினாடி ஒதுக்கினால், பலித்த ஆறில் நம் கடிகாரத்தில் ஆறாறு வினாடி, பலிக்காத நான்கில் பதினாறு பதினாறு வினாடி; 36ம் 64ம் சேர்ந்து பத்து நகர்த்தலுக்குச் சரியாக நூறு வினாடி.

ஆகவே ஊகம் பலித்ததன் பலன் பலித்த நகர்த்தலில் தங்குவதில்லை. பலிக்காத நகர்த்தலுக்கும், அதாவது எதிராளி எதிர்பாராததை ஆடி நம்மைத் திடுக்கிட வைத்த இடத்துக்கும், அது போய்ச் சேர்கிறது. பாண்டரை வேகம் என்று பார்ப்பதைவிடக் கடிகாரம் என்று பார்ப்பதே சரி என்று நான் சொல்வதற்கு இதுதான் அடிப்படை. நேர மேலாண்மை மோசமாக இருக்கும் எஞ்சினில், சேமித்த நிமிடங்கள் ஆட்டம் முடியும்வரை செலவாகாமலே கிடக்கும். நான் எழுதிப் பழகிய சிறு எஞ்சின் அந்த வகை. கடிகாரத்தில் பாதி நேரத்தைப் பத்திரமாக வைத்துக்கொண்டு கௌரவமாகத் தோற்கும்.

6 பிப்ரவரி

கேள்வி கேட்டவர் இப்போது போட்டி அமைப்பிலும் பாண்டரை இயக்கி மறுபடி ஆடவிட்டிருக்கிறார். பாண்டர் உள்ள பக்கம் அடித்து நொறுக்குகிறதாம். "நாற்பது உச்சவரம்பு என்றீர்களே" என்று கேட்கிறார்.

ஒவ்வொரு எஞ்சினுக்கும் எத்தனை திரெட் கொடுத்திருக்கிறீர்கள்?

6 பிப்ரவரி, இரவு

நான்கு. எதிர்பார்த்ததுதான்.

பாண்டர் இல்லாத போட்டியில் ஒரு நேரத்தில் ஓர் எஞ்சின்தான் யோசிக்கும். ஆகவே இரண்டுக்கும் முழுக் கணினியையும் தாராளமாகக் கொடுக்கலாம். ஒரு பக்கம் மட்டும் பாண்டர் இயங்கும்போது இந்தச் சமநிலை குலைகிறது. பாண்டர் உள்ளவர் யோசிக்கும்போது மற்றவர் சும்மா இருக்கிறார். கணினி முழுவதும் முன்னவருக்கே. மற்றவர் யோசிக்கும்போது பாண்டர் உள்ளவரும் சேர்ந்து யோசிக்கிறார். நான்கு திரெட்டுக்கு எட்டு வேலை காத்து நிற்கிறது. ஆக, பாண்டர் இல்லாத எஞ்சின் தன் நேரம் முழுவதையும் ஏறக்குறைய அரைவேகத்தில் கழிக்கிறது. நீங்கள் கண்ட முன்னிலையில் பெரும்பகுதி பாண்டரின் லாபமாக இருக்க வழியில்லை. எதிராளியின் கையைப் பிடித்து இழுத்ததால் வந்த லாபம் அது. முதல் போட்டியில் பாண்டருக்கு எதிராகவும், இரண்டாவது போட்டியில் பாண்டருக்கு ஆதரவாகவும் சோதனை சாய்ந்திருக்கிறது.

தலைக்கு ஒரு திரெட் கொடுத்தாலும் தொல்லை முழுமையாகத் தீராது. இயங்குதளம் இரண்டு எஞ்சினையும் ஒரே கோரின் இரண்டு திரெட்டுகளில் உட்கார வைத்தால், இரண்டும் ஒன்றையொன்று கணிசமாக மெதுவாக்கும். லினக்ஸில் 'டாஸ்க்செட்' கட்டளையாலும், விண்டோஸில் அஃபினிட்டி அமைப்பாலும் ஒவ்வொன்றையும் தனிக் கோரில் கட்டிப்போடலாம். அப்போதும் டர்போ வேகம் மிச்சமிருக்கும்: ஒரு கோர் மட்டும் உழைக்கும்போது செயலி ஓடும் வேகம், இரண்டு கோரும் உழைக்கும்போது இருப்பதில்லை. பையாஸில் டர்போவை அணைத்துவிட்டுச் சோதிப்பதே என் வழக்கம். மூன்றாம் நிலை கேஷும் (செயலிக்குள் இருக்கும் வேக நினைவகம்) நினைவக அலைவரிசையும் இரண்டுக்கும் பொதுவாகவே இருக்கும். அவற்றை ஒன்றும் செய்ய முடியாது.

மடிக்கணினியில் இதற்கு மேல் வெப்பம். தொடக்க ஆட்டங்கள் ஒரு வேகத்திலும், விசிறி இரைய ஆரம்பித்த பிறகு வரும் ஆட்டங்கள் வேறொரு வேகத்திலும் நடக்கும். எஞ்சின் தகவல் வரியில் ஒரு வினாடிக்கு எத்தனை நிலைகளைத் தேடியது என்ற எண் வரும். முதல் ஆட்டத்திலும் கடைசி ஆட்டத்திலும், தனியாக யோசிக்கும்போதும் எதிராளி பாண்டரில் இருக்கும்போதும், அந்த எண் கிட்டத்தட்ட ஒன்றாக இருந்தால் மட்டுமே மேலே பேசுவதில் பொருளுண்டு. இதைப் பார்க்காமல் நடத்தப்படும் பாண்டர் சோதனைகளை நான் படிப்பதையே நிறுத்திவிட்டேன்.

9 பிப்ரவரி

இதனால்தான் எஞ்சின்களின் தரவரிசைப் பட்டியல்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்திருக்கின்றன. ஸ்வீடனின் எஸ்எஸ்டிஎஃப் பழைய மரபு: இரண்டு கணினிகள், நாற்பது நகர்த்தலுக்கு இரண்டு மணி நேரம், பாண்டர் உண்டு. சிசிஆர்எல் பட்டியலில் பாண்டர் கிடையாது. ஒரே கணினியில் இரண்டு எஞ்சினையும் மாறிமாறி ஓடவிட்டு, அதிக ஆட்டங்களை விரைவில் சேர்ப்பது அதன் வழி. எஞ்சின்களுக்கான டிசிஇசி போட்டியிலும் பாண்டர் இல்லை. ஸ்டாக்ஃபிஷில் ஒவ்வொரு மாற்றத்தையும் சல்லடை போட்டுச் சலிக்கும் ஃபிஷ்டெஸ்ட் 2013 முதல் பாண்டர் இல்லாமலேயே இயங்கி வருகிறது. பாண்டருடன் ஆடினால் ஒரே எண்ணிக்கையிலான கோரில் பாதி ஆட்டங்களே முடியும். அந்தப் பாதியை இழப்பதைவிடப் பாண்டரை இழப்பது மேல் என்று அவர்கள் முடிவு செய்ததில் எனக்குக் குறை சொல்ல எதுவுமில்லை.

பாண்டர் இல்லாத பட்டியல் எஞ்சினின் முழு பலத்தைக் காட்டவில்லை என்று இங்கே ஒருவர் எழுதியிருக்கிறார். இரு பக்கமும் பாண்டர் உண்டென்றால் லாபமும் இரு பக்கமும் உண்டு; வித்தியாசத்தில் அது பெரும்பாலும் அடிபட்டுப் போகும். மிஞ்சுவது யார் யாரை நன்றாக ஊகிக்கிறார்கள் என்பதும், யாருடைய பாண்டர் நிரலில் ஓட்டை இருக்கிறது என்பதும்தான். இரண்டாவதைக் கண்டுபிடிக்க எஸ்எஸ்டிஎஃப் வழி நல்லது. பாண்டரை அணைத்தே சோதிக்கப்படும் ஓர் எஞ்சினில், 'பாண்டர்ஹிட்' வந்தபின் நகர்த்தலைச் சொல்லாமல் கடிகாரம் விழும்வரை யோசித்துக்கொண்டே இருக்கும் பிழை ஆண்டுக்கணக்கில் தூங்கலாம்.

10 பிப்ரவரி

இரு பக்கமும் பாண்டர் இருக்கும்போது நடக்கும் ஒரு விசித்திரத்தை நேற்றுச் சொல்லாமல் விட்டேன். நம் ஊகம் பலித்து நாம் உடனே ஆடிவிட்டால், எதிராளிக்குப் பாண்டர் செய்ய நேரமே இல்லை. அவருடைய இலவச நேரம் என்பது நம் யோசனை நேரம்தானே. அவருடைய ஊகமும் பலித்திருந்தால்கூட அதனால் அவருக்குக் கிடைத்தது சில மில்லிவினாடிகளே. இருவரும் எதிர்பார்த்த ஒரு வரிசை வரும்போது பதிவுக் கோப்பில் ஐந்தாறு நகர்த்தல்கள் பூஜ்ய வினாடியில் பறப்பதைப் பார்க்கலாம். பிறகு ஒருவர் எதிர்பாராததை ஆட, மற்றவர் நீண்ட நேரம் உட்கார்ந்துவிடுவார். அந்த நீண்ட நேரம் முழுவதும் எதிர்பாராததை ஆடியவருக்கு இலவசம்.

ஒரு வகையில், எதிராளியால் ஊகிக்க முடியாத நகர்த்தலை ஆடுவதற்கே பாண்டர் ஆட்டத்தில் ஒரு சிறு சன்மானம் இருக்கிறது. இதற்காக வேண்டுமென்றே இரண்டாந்தர நகர்த்தலை ஆடலாமா என்று கேட்டால், வேண்டாம். சன்மானம் சில வினாடிகள். அபராதம் அரைச் சிப்பாயை இழப்பதற்குச் சமம்.

13 பிப்ரவரி

"ஒரே ஒரு பதிலை மட்டும் ஊகித்து அதையே குடைவதைவிட, எதிராளியின் எல்லாப் பதில்களையும் கொஞ்சம் கொஞ்சமாகப் பார்த்து வைத்தால் என்ன?" இது இந்தத் தலைப்பில் தவறாமல் எழும் கேள்வி, ஒதுக்கத் தக்க கேள்வியுமன்று.

ஒற்றை ஊகத்துக்கான வாதத்தை நெடுங்காலமாக முன்வைத்து வருபவர் ராபர்ட் ஹயட். 1983லும் 1986லும் உலகக் கணினிச் சதுரங்கப் பட்டம் வென்ற கிரே பிளிட்ஸை எழுதியவர்களில் ஒருவர், பின்னர் கிராஃப்டி எஞ்சினை எழுதியவர். பாதிக்கு மேல் ஊகம் பலிக்கும்போது, பலிக்கும் பக்கத்தில் முழு நேரத்தையும் போடுவதே லாபம்; முப்பத்தைந்து பதில்களுக்கு நேரத்தைப் பங்கு போட்டால் எதற்கும் உருப்படியாக எதுவும் கிடைக்காது என்பது அந்த வாதத்தின் சாரம். கிராஃப்டியின் மூல நிரலில் ஊகத்தைத் தேடும் முறை படிப்படியாக எழுதப்பட்டிருக்கிறது: முதலில் முதன்மை வரிசையின் (இரு பக்கமும் சிறந்ததையே ஆடினால் வருமென்று எஞ்சின் கருதும் தொடர்) இரண்டாவது நகர்த்தல், அது இல்லையென்றால் ஹேஷ் அட்டவணையில் (ஏற்கெனவே தேடிய நிலைகளைக் குறித்து வைக்கும் இடம்) ஏதாவது இருக்கிறதா என்று பார்த்தல், அதுவும் இல்லையென்றால் எதிராளிக்காகத் தானே ஒரு சிறு தேடல் நடத்தி ஒரு பதிலைக் கண்டுபிடித்தல். இந்த மூன்றாவதற்கு 'பஸ்லிங்' என்று பெயர் வைத்திருக்கிறார். ஸ்டாக்ஃபிஷும் முதன்மை வரிசை ஒற்றை நகர்த்தலோடு நின்றுவிட்டால் ஹேஷ் அட்டவணையில் கைவிட்டு ஊகத்தை எடுக்கிறது.

ஸ்டாக்ஃபிஷ் போல, பயனற்ற கிளைகளை வெட்டிவிட்டுத் தேடும் ஆல்ஃபா-பீட்டா எஞ்சின்களுக்கு இந்த வாதம் வலுவானது. ஆனால் மான்டே கார்லோ மரத் தேடல் செய்யும் எஞ்சின்களில் படம் மாறுகிறது. அங்கே எதிராளியின் நிலையையே வேராக வைத்து மரத்தை வளர்த்தால், நல்ல பதில்களுக்கு மரம் தானாகவே அதிகக் கிளை விடும். எதிராளி எதை ஆடினாலும் அந்தக் கிளை அப்படியே நம் அடுத்த தேடலின் வேராகும். ஊகம் பலித்தது, பலிக்கவில்லை என்ற வெட்டுக் கோடே அங்கு மங்கிவிடுகிறது. பலித்தால் கிடைக்கும் பலன் ஒற்றை ஊகத்தைவிடச் சற்றுக் குறையும். பலிக்காதபோதும் ஏதோ மிஞ்சும்.

ஆல்ஃபா-பீட்டாவில் ஊகம் பலிக்காதபோது எல்லாமே வீண் என்றும் சொல்ல முடியாது. ஹேஷ் அட்டவணை நிரம்பியிருக்கிறது; வேறு வரிசையில் அதே நிலைக்கு வந்து சேரும் வழிகள் இருந்தால் பழைய பதிவுகள் உதவும். எதிராளி ராணி மாற்றத்தைத் தள்ளிப்போட இடையில் ஒரு முற்றுகை (செக்) கொடுத்து, பிறகு நாம் ஊகித்த அதே நகர்த்தலை ஆடும்போது, ஆழம் மளமளவென்று ஏறுவதைத் தகவல் வரிகளில் காணலாம். அமைதியான, மூடிய நிலைகளில் இப்படி நடப்பது அதிகம்; கைகலப்பான நிலைகளில் அபூர்வம்.

14 பிப்ரவரி

நாற்பது எலோ என்ற உச்சவரம்பு ஏன் எட்டப்படுவதில்லை என்று எழுத விட்டுப்போனது. என் கணக்கில் எதிராளியின் சராசரி நேரத்தைப் பத்து வினாடி என்று எல்லா நகர்த்தலுக்கும் பொதுவாக வைத்தேன். ஊகம் எப்போது உறுதியாகப் பலிக்கிறது? நாம் ராணியால் ராணியை வெட்டும்போது; எதிராளி திருப்பி வெட்டியே ஆக வேண்டும். அத்தகைய நகர்த்தலை எதிராளியின் எஞ்சினும் யோசிக்காமல் ஆடிவிடும். சிறந்த நகர்த்தல் மாறாமல் நிலைத்து நிற்கும்போது நேரத்தைச் சுருக்குவது இன்றைய நேர மேலாண்மையின் பாலபாடம். எதிராளி நீண்ட நேரம் தவிக்கும் இடத்திலோ பல பதில்கள் சமமாகத் தெரியும், அவர் மனம் மாறிக்கொண்டே இருக்கும்; அங்கேதான் நம் ஊகம் தவறும். ஆகப் பலிக்கும்போது கிடைக்கும் நேரம் குறைவு, நேரம் நிறையக் கிடைக்கும்போது பலிப்பது குறைவு. ஆறு வினாடி என்ற சராசரி இலவசம் நடைமுறையில் இதைவிடக் கீழே இறங்குகிறது.

14 பிப்ரவரி, பின்குறிப்பு

மனித எதிராளிக்கு இது பொருந்துமா என்று கேட்டவருக்கு: மனிதர் கட்டாய நகர்த்தலுக்கும் சில சமயம் நிதானமாக யோசிப்பார், தண்ணீர் குடிப்பார், ஆடிய நகர்த்தலைத் தாளில் எழுதுவார். அந்த வகையில் எஞ்சினுக்குக் கொண்டாட்டம். 1998இல் இத்தாலியின் இஸ்கியாவில் விஸ்வநாதன் ஆனந்த் ரெபெல் 10 நிரலுடன் ஆடிய எட்டு ஆட்டங்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஐந்து நிமிட பிளிட்ஸ் நான்கில் ரெபெல் 3–1. பதினைந்து நிமிட ஆட்டம் இரண்டில் ரெபெல் 1½–½. நாற்பது நகர்த்தலுக்கு இரண்டு மணி நேரம் என்ற முழு ஆட்டம் இரண்டில் ஆனந்த் 1½–½. ஆனந்தின் நீண்ட யோசனைதான் கணினிக்கு எதிராளியின் நேரம். அது அதிகமாகக் கிடைக்கக்கூடிய முழு ஆட்டங்களில்தான் ஆனந்த் மேலோங்கினார். இரண்டு ஆட்டங்களை வைத்து எதையும் நிறுவ முடியாது என்பது ±48 பற்றி மேலே எழுதியவனுக்குத் தெரியாததன்று. ஆனாலும் நேரம் கூடும்போது இரு தரப்புக்கும் ஒரே அளவு லாபம் வருவதில்லை என்பதைக் காட்ட இது போதும்.

18 பிப்ரவரி

இனிச் சோதனையை எப்படி அமைப்பது என்பதற்கு வருகிறேன். லாபத்தை எலோவில் அளக்க முயல்வதை விட்டுவிட்டு நேரத்தில் அளக்கப் பரிந்துரைக்கிறேன்.

அமைப்பு இதுதான். இரண்டு எஞ்சினும் ஒன்றே, தலைக்கு ஒரு திரெட், தனித்தனிக் கோர், டர்போ அணைக்கப்பட்டது, ஒரே அளவு ஹேஷ். ஒரு பக்கம் பாண்டருடன் சாதாரண நேரத்தில் ஆடும். மறுபக்கம் பாண்டர் இல்லாமல், ஆனால் கூடுதல் நேரத்துடன் ஆடும்: ஒரு தொகுப்பில் 1.2 மடங்கு, அடுத்ததில் 1.4, அடுத்ததில் 1.6. எந்த மடங்கில் இரண்டும் சமமாகின்றனவோ அதுவே பாண்டரின் விலை. எலோவில் அளந்தால் எஞ்சினின் பலம், டிரா விகிதம், ஓப்பனிங் புக் (தொடக்க நகர்த்தல்களின் தொகுப்பு) எல்லாம் அந்த எண்ணுக்குள் புகுந்து கலக்கும்; அவரவர் எண்ணை அவரவர் வைத்துக்கொண்டு சண்டையிடலாம். நேர மடங்காகச் சொன்னால் ஒருவர் சோதனையை மற்றவர் சோதனையோடு ஒப்பிட முடியும்.

இதில் ஒரு சிக்கலை மறைக்கக் கூடாது. பாண்டர் இல்லாத பக்கத்துக்குக் கூடுதல் நேரம் கொடுத்தால் அது நீண்ட நேரம் யோசிக்கும். அப்போது பாண்டர் உள்ள பக்கத்துக்கு இலவச நேரமும் நீள்கிறது. சமநிலைப் புள்ளி சற்று மேலே தள்ளிப்போகும். பத்து வினாடிக்குப் பதிலாக எதிராளி k மடங்கு எடுத்துக்கொண்டால், நமக்கு 1-உடன் 0.6-இன் k மடங்கு சேர்கிறது. அது k-க்குச் சமமாக வேண்டுமென்றால் k 2.5 ஆகிவிடும். ஊகம் பத்தில் ஆறு பலித்தால் கொள்கையளவில் இரண்டரை மடங்கு! இது பாண்டரின் பெருமையன்று. அளவுகோலே அளக்கப்படும் பொருளோடு சேர்ந்து நீள்கிறது. ஆகையால் இதைச் செய்யாமல், இரண்டு தனித்தனிப் போட்டிகளாகப் பிரிப்பதே ஒழுங்கு. பாண்டர் இல்லாத, சாதாரண நேரமுள்ள ஒரே எதிராளியை எடுத்துக்கொள்ளுங்கள். அவருடன் முதலில் பாண்டர் உள்ள எஞ்சின் ஆடட்டும். பிறகு பாண்டர் இல்லாத, கூடுதல் நேரமுள்ள எஞ்சின் ஆடட்டும். இரண்டு முடிவுகளும் எந்த மடங்கில் ஒன்றாகின்றன என்று பாருங்கள். எதிராளியின் நடத்தை இரண்டிலும் மாறாது.

19 பிப்ரவரி

எதிராளி யார் என்பதிலும் கவனம் வேண்டும். தனக்குத் தானே எதிராளியானால் ஊகம் மிக நன்றாகப் பலிக்கும். இரண்டு மண்டையும் ஒன்றுதானே. வேறொரு பள்ளியில் வளர்ந்த எஞ்சினை எதிரில் நிறுத்தினால் பலிப்பு இறங்கும். நான் பார்த்தவரை இது எதிராளியின் பலத்தைவிட, இரண்டும் நிலைகளை மதிப்பிடும் பாங்கு எவ்வளவு ஒத்துப்போகிறது என்பதையே அதிகம் சார்ந்திருக்கிறது. பதிவுக் கோப்பில் 'கோ பாண்டர்' எத்தனை, 'பாண்டர்ஹிட்' எத்தனை என்று எண்ணினால் விகிதம் கிடைத்துவிடும். முடிவை வெளியிடும்போது இந்த விகிதத்தையும் சேர்த்து வெளியிடுங்கள். அது இல்லாத எண்ணை வைத்து எதுவும் பேச இயலாது.

22 பிப்ரவரி

கேள்வி கேட்டவர் வேறு கணினி வாங்கும் எண்ணத்தில் இருப்பதாக எழுதியிருக்கிறார். இதற்காக வாங்க வேண்டாம். இரண்டு கோர் மடிக்கணினியிலும், தலைக்கு ஒரு திரெட் வைத்து, மின்சாரத்தைச் செருகி, மின்திறன் அமைப்பில் செயலியின் உச்ச வேகத்தைச் சற்றுக் கீழே கட்டி வைத்தால் வெப்பத்தால் வரும் ஏற்ற இறக்கம் பெருமளவு அடங்கும். எஞ்சின் போட்டிகளை நடத்தும் கியூட்செஸ் நிரலின் கட்டளை வரியில் பாண்டர் இயல்பாக அணைந்திருக்கும்; வேண்டிய எஞ்சினின் வரியில் மட்டும் 'பாண்டர்' என்ற சொல்லைச் சேர்க்க வேண்டும். ஒரே நேரத்தில் ஓர் ஆட்டத்துக்கு மேல் ஓடவிடாதீர்கள். முதல் ஆட்டம் முடிந்ததும் நிறுத்தி, பதிவில் 'கோ பாண்டர்' இருக்கிறதா என்று பார்த்த பிறகே மீதியைத் தொடங்குங்கள்.

லிசெஸ் சதுரங்க இணையதளத்தில் பாட் (எஞ்சின் தானாக ஆடும் கணக்கு) ஓட்டுபவர்களுக்கு இந்தத் தயக்கம் எதுவும் தேவையில்லை. எதிராளி அவர் கணினியில் ஓடுகிறார், நீங்கள் உங்கள் கணினியில் ஓடுகிறீர்கள். அமைப்புக் கோப்பில் பாண்டரை இயக்கிவிடுங்கள். மின் கட்டணம் மட்டும் உங்களுடையது.